கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கள்



பேராக் மாநிலத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் இன்று இல்லை. நிலம் கைமாறி, வீடமைப்புப் பகுதியாகி விட்டது. லயத்தில் இருந்தவர்கள் பட்டணத்தைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறிப் போனார்கள். ஆனாலும் தோட்டத்தில் தொடங்கிய மரண சகாயச் சங்கத்தை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. மாதச் சந்தா இன்றும் தொடர்கிறது. நோட்டுப் புத்தகத்தில் இருந்த பெயர்களைச் சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் கணினியில் ஏற்றினார்கள்.

அண்மையில் அச்சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரின் கணவர் காலமானார். அந்த மூதாட்டியின் உண்மைப் பெயரை இங்கே போடுவது முறையல்ல. கௌசல்யா என்று வைத்துக் கொள்வோம். சகாயப் பணத்துக்காக அவர் போனபோது, பொறுப்பிலிருந்த இளைஞர் பெயரைக் கணினியில் அடித்துத் தேடினார். "இல்லை" என்றது கணினி. மறுபடியும் தேடினார். மறுபடியும் "இல்லை." "பாட்டி, உங்கள் பெயர் பதிவில் இல்லையே! பழைய ரசீது ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார். தோட்டக் காலம் தொட்டு ஒரு மாதம் தவறாமல் சந்தா கட்டியவர், துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பினார்.

பிறகு நம் வாசகியின் மகள் அந்தப் பட்டியலை வாங்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். பெயர் இருந்தது! பளிச்சென்று கண்ணுக்குத் தெரிந்தது! பணமும் கிடைத்து விட்டது. ஆனால் வாசகியின் மனம் ஆறவில்லை. "மனிதக் கண்ணுக்குத் தெரிகிற பெயர் கணினிக்குத் தெரியாமல் போவது எப்படி? அந்த அம்மாளுக்குப் படித்த பிள்ளை ஒருத்தி துணைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. நம்மில் பலருடைய பெயர் இன்று ஏதாவது ஒரு கணினிப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே இந்த இதழில் இதைச் சற்று விரிவாகவே பார்த்து விடுவோம்.

கணினிக்குக் கண் இல்லை

நாம் எழுத்தின் வடிவத்தைப் பார்த்துப் படிக்கிறோம். கணினி அப்படியல்ல. அதற்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். நீங்கள் விசையைத் தட்டும்போது உள்ளே பதிவாவது அந்த எண்தான். திரையில் நாம் காணும் வடிவம், அந்த எண்ணுக்குப் போட்டு விட்ட சட்டை மட்டுமே.

ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தன் விருப்பம்போல் எண் வைத்துக் கொண்டது. ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் கோழி கிண்டியது போல் தெரிந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில் நம் பக்கத்தவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997-ல் அங்கே இணையத் தமிழுக்கென மாநாடு கூடியது. 2001-ல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு நடந்தது. இன்று நாம் எல்லாரும் பயன்படுத்துவது யூனிகோடு என்னும் உலகப் பொது எண்முறை. 1991-ல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றிருந்தது.

இனி கௌசல்யா அம்மாளின் பெயருக்கு வருவோம். "கௌ" என்ற எழுத்தில் பின்னால் நிற்கும் குறி பார்ப்பதற்கு "ள" போலவே இருக்கும். ஆனால் அது ள அல்ல. ஔகாரக் குறிக்குத் தனி எண் உண்டு. ள என்ற மெய்யான எழுத்துக்கு வேறு எண். பெயரை ஏற்றிய பிள்ளை முதலில் "கெ" அடித்து, அடுத்து "ள" அடித்து விட்டது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கோ அது "கெ-ள-சல்யா." தேடியவர் சரியாக அடித்தார், பட்டியலில் இருந்ததோ தவறு. எண் பொருந்தவில்லை, "இல்லை" என்று சொல்லி விட்டது. அது பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததைச் சொன்னது.

கௌரி, சௌந்தரம், மௌனிகா, சௌமியா என்று பெயர் வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஔவைப் பாட்டிக்கே இந்தக் கதிதான். "ஔ" என்று ஓரெழுத்தாக அடிக்க வேண்டியதை "ஒ" போட்டுப் பக்கத்தில் "ள" போட்டு அடித்தவர்கள் ஏராளம். கண் பார்வையற்றவர்கள் கணினியை வாய்விட்டுப் படிக்கச் செய்து கேட்கிறார்களே, அவர்களுக்கு அது "ஒளவையார்" என்று ள-வைத் தனியே உச்சரித்துக் காட்டும். நம் கண்ணை ஏமாற்றிய எழுத்து அவர்கள் காதில் அகப்பட்டு விடுகிறது!

எழுத்தில்லாத ஈயத் துண்டுகள்

அடுத்தது, உருவமே இல்லாத எழுத்துக்கள். அச்சகங்களில் ஈய எழுத்துக் கோத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு சொற்களுக்கு நடுவே வெற்றிடம் வேண்டுமானால், அச்சுக்கோப்பவர் சும்மா இடம் விட்டு விட முடியாது. எழுத்து வெட்டப்படாத ஈயத் துண்டு ஒன்றை அங்கே செருகுவார். தாளில் அது விழாது. ஆனால் கோத்த பலகையில் அது உண்டு. அதற்குக் கனமும் உண்டு.

கணினியிலும் இதே கதைதான். இடைவெளி என்பது ஒன்றுமில்லாதது அல்ல. அதுவும் ஓர் எழுத்தே. அதிலும் பல வகை. நாம் நீண்ட விசையைத் தட்டிப் போடுவது சாதாரண இடைவெளி. வரியின் ஓரத்தில் இரண்டு சொற்கள் பிரிந்து விடாமல் கட்டி வைக்கும் இடைவெளி இன்னொன்று. அகலமே இல்லாத இடைவெளி என்றுகூட ஒன்று உண்டு. தாய், கெமர் போன்ற மொழிகளில் சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் எழுதுவதால், வரியை எங்கே முறிக்கலாம் என்று கணினிக்குக் காட்ட அது பயன்படுகிறது.

இவை நம் பட்டியலுக்குள் எப்படி நுழைகின்றன? இணையப் பக்கத்திலிருந்தோ வேறு கோப்பிலிருந்தோ பெயரை நகலெடுத்து ஒட்டும்போது, சட்டையில் ஒட்டிய நாயுருவி போல் இவையும் கூடவே வந்து விடுகின்றன. பெயரின் முன்னோ பின்னோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பட்டியல்களை ஒப்பிடச் சொன்னால், கணினி அந்தப் பிள்ளையை வேறு பிள்ளை என்று ஒதுக்கி விடும்.

இரட்டைப் பிள்ளைகள்

தோட்ட அலுவலகத்தில் கிராணியார் தட்டிக் கொண்டிருந்த பழைய தட்டச்சு இயந்திரங்கள் பலவற்றில் 1 என்ற எண்ணுக்கு விசையே கிடையாது. ஆங்கிலச் சிறிய "எல்" எழுத்தைத் தட்டினால் அதுவே ஒன்றாகி விடும். தாளில் வித்தியாசம் இல்லை. யாருக்கும் நட்டமும் இல்லை. அந்தப் பழக்கத்தோடு கணினிக்கு வந்தவர்கள் எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்தபோதுதான் தொல்லை வந்தது. பூஜ்யமும் ஆங்கில "ஓ"வும் இதே போன்ற இரட்டையர். அடையாளக் கார்டு எண்ணை 6, 2, 4 இலக்கங்களாகப் பிரித்து நடுவே கோடு போடுகிறோம். அந்தக் கோட்டிலும் குட்டையானது, நீளமானது, வரி ஓரத்தில் முறியாதது என்று பல எண்கள் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றாகக் கணினி ஏற்றுக்கொள்ளாது.

தமிழிலும் இரட்டையர் உண்டு. நம் பழைய எண் வடிவங்களில் ஒன்று என்பது "௧". எழுத்துக் "க" போலவே இருக்கும். ஏழு என்பது "௭"; எழுத்து "எ"யைப் பிரித்தறிவது கடினம். "ஸ்ரீ" என்ற எழுத்தோ இன்னும் வேடிக்கை. 2005-ல் யூனிகோடில் "ஶ" என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. அதன் பிறகு அதை அடிப்படையாக வைத்து "ஸ்ரீ" அமைக்கும் முறை வந்தது. அதற்கு முன் "ஸ்" என்பதை வைத்து அமைத்தார்கள். இரண்டும் திரையில் ஒரே தோற்றம். ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் என்று ஒருவர் தேடி, அது அகப்படாமல் போக இது ஒன்றே போதும்.

எல்லாம் கெட்டவை அல்ல

இவ்வளவும் படித்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்களை எல்லாம் துடைத்து எறிந்து விடலாமே என்று தோன்றும். அது ஆபத்து. "ரிக்ஷா" என்று எழுதும்போது க், ஷ இரண்டும் ஒட்டிக் கூட்டெழுத்தாகாமல் தனித்தனியே நிற்க வேண்டும் என்று விரும்புவோர், நடுவே ஒட்டாமல் பிரிக்கும் எழுத்து ஒன்றைப் போடுகிறார்கள். அதற்கு உருவமில்லை, வேலை மட்டும் உண்டு. அதற்கு நேர்மாறாக ஒட்டவைக்கும் எழுத்தும் இருக்கிறது. வாட்சாப்பில் அப்பா, அம்மா, மகள் சேர்ந்து நிற்கும் குடும்பப் படம் அனுப்புகிறீர்களே, அது மூன்று தனிப் படங்கள். நடுவே உருவமில்லாத எழுத்து நின்று அவர்களை ஒரு குடும்பமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்து விட்டால் குடும்பம் மூன்றாகப் பிரிந்து விடும்!

வஞ்சகர் கையில் சிக்கினால்

நல்ல கத்தியும் திருடன் கையில் ஆயுதம்தானே? ரஷ்ய மொழியில் ஆங்கில "ஏ", "ஓ", "சி" போலவே தோன்றும் எழுத்துக்கள் உண்டு. எண் வேறு, தோற்றம் ஒன்று. எவ்கெனி கப்ரிலோவிச், அலெக்ஸ் கோன்ட்மாக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மைக்ரோசாப்ட் என்ற பெயரில் இரண்டோர் எழுத்துக்களை ரஷ்ய எழுத்துக்களாக மாற்றி ஓர் இணைய முகவரியையே பதிந்து காட்டினார்கள். உலகத்தை எச்சரிக்க 2002-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். வங்கியின் பெயரிலும் யாரும் இப்படிச் செய்யலாம் அல்லவா? இணைய உலாவிகள் பிறகு கெடுபிடியைக் கூட்டின என்றாலும், வஞ்சகர் முயற்சி ஓயவில்லை.

ஜாவி எழுத்து வலமிருந்து இடம் செல்வதைப் பெயர்ப்பலகைகளில் தினமும் பார்க்கிறோம். அத்தகைய எழுத்துக்களுக்காக, "இங்கிருந்து திசையை மாற்று" என்று கட்டளையிடும் உருவமில்லாத எழுத்துக்கள் கணினியில் உள்ளன. அவற்றைக் கொண்டு நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு ஒன்றும் கணினிக்கு வேறொன்றுமாகக் காட்ட முடியும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 2021-ல் நிரூபித்தார்கள். அதே ஆண்டில் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எழுத்துத் தொகுப்பி, இத்தகைய எழுத்துக்களைக் கட்டம் போட்டுக் காட்டத் தொடங்கியது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கீழே சொல்வதை வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு முறை செய்து பாருங்கள்.

முதலாவது, அம்புக்குறி விசை. பெயரின் முன்னால் சுட்டியை வைத்து, வலது அம்புக்குறியை ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்துத் தாண்ட வேண்டும். தட்டியும் சுட்டி நகராமல் நின்றால், அங்கே ஒருவர் ஒளிந்திருக்கிறார் என்று பொருள்.

இரண்டாவது, வேர்ட். முகப்புப் பட்டையில், திருப்பிப் போட்ட ஆங்கிலப் "பி" போன்ற பொத்தான் ஒன்று இருக்கும். கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதே பலன். உடனே சாதாரண இடைவெளி நடுப்புள்ளியாகவும், கட்டிவைக்கும் இடைவெளி சிறு வட்டமாகவும், தாவல் அம்பாகவும் தெரியும். லிப்ரே ஆபீசில் கன்ட்ரோலும் எப்10-ம் இந்த வேலையைச் செய்யும்.

மூன்றாவது, சந்தேகமான எழுத்தின் எண்ணைக் கேட்பது. விண்டோஸ் கணினியில், வேர்டில் அந்த எழுத்தை அடுத்துச் சுட்டியை வைத்து ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். எழுத்து மறைந்து அதன் எண் நிற்கும். மறுபடி தட்டினால் எழுத்துத் திரும்பி விடும். "கௌ"வின் பக்கத்தில் வைத்துத் தட்டும்போது 0பிசிசி என்று வந்தால் அது சரியான ஔகாரக் குறி. 0பிபி3 என்று வந்தால் அது ள. (இந்த எண்களில் பி, சி என்று ஆங்கில எழுத்துக்கள் கலந்து வரும், மிரள வேண்டாம்.)

நான்காவது, எக்செல் பட்டியல் வைத்திருக்கும் சங்கத்தாருக்கு. எழுத்தின் எண்ணிக்கையைச் சொல்லும் "லென்" என்ற சூத்திரம் அதில் உண்டு. அது நம் பள்ளிக்கூடக் கணக்கில் எண்ணாது. "தமிழ்" என்றால் நமக்கு மூன்று எழுத்து. அது 5 என்று சொல்லும். புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியே எண்ணுவதே காரணம். சரியாக அடித்த "கௌசல்யா"வுக்கு 7 என்று வரும்; ள போட்டு அடித்ததற்கு 8 என்று வரும். பின்னால் இடைவெளி ஒட்டியிருந்தாலும் எண்ணிக்கை ஒன்று கூடி விடும். "டிரிம்" என்ற சூத்திரம் ஓரத்து இடைவெளிகளைத் துடைக்கும். ஆனால் கட்டிவைக்கும் இடைவெளியை அது தொடாது. அதை நகலெடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ஒட்டி, சாதாரண இடைவெளியாக மாற்ற வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. "ெ" குறியை அடுத்து ள வரும் இடத்தை எல்லாம் ஒரே தட்டில் ஔகாரக் குறியாக மாற்றி விடாதீர்கள். வெளிநாடும் தெளிவும் வெள்ளியும் கெளுத்தி மீனும் சேர்ந்து உருக்குலைந்து போகும். பட்டியலை முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் பெயராகத் திருத்துங்கள். சந்தேகமான பெயரை முழுவதும் அழித்து விட்டுக் கையால் புதிதாக அடிப்பதே எல்லாவற்றிலும் சுலபமான வழி. கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இது போதும்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தச் சோதனைகளை எல்லாம் செய்துகொண்டு நிற்க வேண்டாம். செய்தியில் வரும் இணைப்பைத் தட்டாமல், வங்கியின் முகவரியை நீங்களே அடியுங்கள். அல்லது வங்கியின் சொந்தச் செயலியைத் திறவுங்கள். ஏமாந்து விட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள். மலேசியாவில் 2022-ல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. சிங்கப்பூரில் 1799.

பட்டியல் வைத்திருப்போருக்கு ஒரு விண்ணப்பம்

ஆலயம், சங்கம், பள்ளி, கூட்டுறவு என்று எங்கே பெயர்ப் பட்டியலைக் காப்பவராக நீங்கள் இருந்தாலும், ஒன்றை மட்டும் வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். கணினி "இல்லை" என்றால் அதை முதல் பதிலாக வைத்துக் கொள்ளுங்கள். கடைசிப் பதிலாக்கி விடாதீர்கள். பெயரில் ஒரு பகுதியை மட்டும் அடித்துத் தேடுங்கள். "சல்யா" என்று தேடியிருந்தால் அந்த அம்மாள் பெயர் அன்றே அகப்பட்டிருக்கும். அடையாளக் கார்டு எண்ணின் கடைசி 4 இலக்கங்களைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால், பட்டியலைத் திறந்து ஒரு முறை கண்ணால் படியுங்கள். பழைய நோட்டுப் புத்தகம் இருந்தால் அதைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்துங்கள். ஈரமான மைக்கும் கிறுக்கலான கையெழுத்துக்கும் ஆயிரம் குறை இருந்தாலும், அதில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்றும் கிடையாது.

பட்டியலில் பெயர் உள்ளவர்களும் சும்மா இருந்து விடக் கூடாது. நல்ல நாளிலேயே ஒரு தடவை போய், "என் பெயரைத் தேடிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வீட்டில் துக்கம் நடந்த நாளில் எழுத்துப் பிழையைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் தெம்பு இருக்காது. வயதானவர்கள் தனியே போகத் தயங்கினால், பேரப் பிள்ளைகளே, நீங்கள் கூடப் போங்கள். கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருப்பதன் பலன் அதுதான்.

உங்கள் ஊர்ச் சங்கத்திலோ பள்ளியிலோ இப்படிப் பெயர் "காணாமல்" போய்க் கிடைத்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். ஊர், ஆள் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த இதழில் சந்திப்போம்.